தயக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள்: மென்பொருள் விற்க வருபவர்களுக்கு ஒரு மார்க்கெட்டிங் வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் எங்கள் மென்பொருளைக் காட்டப் போனபோது, பளபளப்பான தாளில் அச்சடித்த 16 பக்க புரோஷர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். டெய்லர்களின் பீஸ் ரேட் சம்பளத்தை, அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியை, கணக்குப் போடும் மென்பொருள் அது. அட்டையில் நீல வானம், மேகம், கைகுலுக்கும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் யார் என்று எனக்கே தெரியாது. முதலாளி இரண்டு பக்கம் புரட்டினார், மேசையில் வைத்தார்.

"அதெல்லாம் சரிங்க தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் நெட்டு போச்சுன்னா சம்பளம் எப்படிங்க போடறது?"

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். வாசலில் ஆட்கள் காத்துக்கொண்டிருக்கும்போது "சர்வர் வரவில்லை" என்று சொல்லிவிட்டு யாரும் உள்ளே போய் உட்கார முடியாது. அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இருந்தது. நெட் இல்லாமலும் அந்த மென்பொருள் வேலை செய்யும்; அதற்காக மூன்று மாதம் உழைத்திருந்தோம். ஆனால் அந்த விஷயம் புரோஷரில் 11ஆம் பக்கத்தில், கடைசி வரியில், "ஆஃப்லைன் வசதி உண்டு" என்று மூன்றே சொல்லில் கிடந்தது. முதல் பக்கத்தில் எங்கள் கம்பெனியின் தொலைநோக்குப் பார்வை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதையும், பெரிய நிறுவனங்கள் அதே விஷயத்தை எப்படிச் செய்தன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். சொந்தமாக ஒரு ஆப், மென்பொருள் அல்லது சின்ன மின்னணுக் கருவி செய்துவிட்டு, "அடுத்து எப்படி விற்பது?" என்று விழிப்பவர்களுக்கானது இது. மார்க்கெட்டிங்குக்குத் தனி ஆள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

படி 1: தயக்கத்தைக் கேட்டு எழுதுங்கள்

புடவையை விரலால் தேய்த்துப் பார்க்கலாம். கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்கலாம். மென்பொருளை அப்படிப் பார்க்க வழியில்லை. வாங்கி, பழைய கணக்கையெல்லாம் ஏற்றி, ஆட்களைப் பழக்கி, இரண்டு மாதம் ஓட்டிய பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்றே தெரியும். அதனால் தொழில்நுட்பப் பொருள் வாங்குபவர் மனதில் விலையைவிடப் பெரிதாக ஒரு பயம் இருக்கும். ஆளுக்கு ஆள் அது மாறும். ஒருவருக்கு "என் அக்கவுண்டண்டுக்கு இது வருமா?" இன்னொருவருக்கு "நீங்கள் கடையைச் சாத்திவிட்டுப் போனால் என் கணக்கு என்ன ஆகும்?" அந்தப் பயத்தைக் கண்டுபிடித்துத் தீர்த்து வைப்பதுதான் மார்க்கெட்டிங் என்று நான் நினைக்கிறேன். லோகோ, போஸ்டர், ரீல்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் பொருளை வாங்கக்கூடிய 10 பேரை அவர்கள் இடத்திலேயே போய்ப் பாருங்கள். விற்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். மூன்று கேள்வி போதும். இந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறீர்கள்? கடைசியாக இதில் எப்போது தப்பு வந்தது, அன்றைக்கு என்ன ஆனது? இதற்கு முன்னால் ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா, ஏன் விட்டுவிட்டீர்கள்?

மூன்றாவது கேள்வியில்தான் சரக்கு இருக்கிறது. "இதை வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கண்டிப்பா பார்க்கலாம்" என்பார்கள். நம் ஊரில் "பார்க்கலாம்" என்பது பெரும்பாலும் "வேண்டாம்" என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை.

அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "நெட்டு போச்சுன்னா" என்று சொன்னால் "இணைய இணைப்புச் சிக்கல்" என்று மாற்றி எழுதாதீர்கள். பின்னால் விளம்பரம் எழுதும்போது அந்த மூலச் சொல்தான் வேண்டும்.

நேரில் போக முடியாவிட்டால், போட்டியாளரின் வாடிக்கையாளர்கள் எங்கே புலம்புகிறார்கள் என்று பாருங்கள். வாடிக்கையாளர்களின் கேள்வி, புகார்களுக்குப் பதில் சொல்லக் கம்பெனிகள் பயன்படுத்தும் ஜென்டெஸ்க் என்ற அமெரிக்க மென்பொருளின் விலை 2010இல் திடீரென்று ஏற்றப்பட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போய் இணையத்தில் எழுதித் தள்ளினார்கள். சென்னையில் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிரிஷ் மாத்ருபூதம் அதையெல்லாம் படித்தார். வேலையை விட்டார், அதற்குப் போட்டியாக ஃபிரெஷ்டெஸ்க் தொடங்கினார். 2011இல் அது சந்தைக்கு வந்தபோது அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்த ஒரு கல்லூரி. ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

இந்தக் கதையை எல்லோரும் "சென்னைப் பையன் நியூயார்க் வரை போனார்" என்று சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த முதல் பகுதிதான்: பொருள் செய்வதற்கு முன்பே அவருக்கு வாங்குபவரின் கோபம் தெரியும். நீங்கள் அதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். போட்டி ஆப்பின் பிளே ஸ்டோர் பக்கத்துக்குப் போய் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் 100 படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தைத் தொடாதீர்கள். அதில் பாதி அவர்களின் சொந்தக்காரர்கள் எழுதியது.

படி 2: ஒரு வாக்கியம்

10 பேரிடம் கேட்டால் 30 தயக்கம் வரும். அதில் அதிகம் பேர் சொன்னது, உங்கள் பொருள் உண்மையிலேயே தீர்ப்பது, இந்த இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிற ஒன்றை எடுங்கள். மற்ற 29ஐயும் வலைத்தளத்தின் கேள்வி பதில் பகுதிக்கு அனுப்பிவிடலாம்.

ஆப்பிள் 2001 அக்டோபரில் ஐபாடைக் கொண்டுவந்தபோது எம்பி3 பிளேயர்கள் ஏற்கெனவே கடையில் இருந்தன. அவை இத்தனை மெகாபைட், இத்தனை ஜிகாபைட் என்று பேசின. ஐபாடிலும் 5 ஜிகாபைட் டிஸ்க்தான். ஆனால் "உங்கள் பாக்கெட்டில் 1,000 பாட்டு" என்றார்கள். ஜிகாபைட் என்றால் என்ன என்று தெரியாத மனிதருக்கும் 1,000 பாட்டு என்றால் தெரியும். பாக்கெட் எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

எங்கள் புரோஷர் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே பக்கத் தாள் அடித்தோம். மேலே பெரிய எழுத்தில்: "நெட் போனாலும் சனிக்கிழமை சம்பளம் நிற்காது." கீழே சம்பளச் சீட்டின் படம் ஒன்று, விலை, போன் எண். தொலைநோக்குப் பார்வை போயே போய்விட்டது. யாரும் அதைத் தேடவில்லை.

வாக்கியம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை: உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் போனில் ஒரு முறை சொல்லுங்கள். மறுநாள் கூப்பிட்டு, நேற்று என்ன சொன்னேன் என்று கேளுங்கள். திருப்பிச் சொல்ல முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். "ஏதோ கிளவுடு, ஏஐ-ன்னு சொன்னே" என்றால் மறுபடி எழுதுங்கள்.

படி 3: பெயர்

இந்த இடத்தில் இன்டெல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த இரண்டு மூன்று படிகளுக்கும் அதுதான் பாடம்.

இன்டெல் 1968இல் தொடங்கிய நிறுவனம். கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் சிப்பைச் செய்து, கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகளுக்கு விற்றது. கடையில் கம்ப்யூட்டர் வாங்குபவருக்கு இன்டெல் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. சிப்புகளுக்குப் பெயரும் கிடையாது, எண்தான்: 286, 386, 486.

386 வந்தது 1985இல். ஆனால் 1980களின் கடைசி வரை கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு 286 போதுமானதாக இருந்தது. வாங்குகிறவர்களும் கேட்கவில்லை, விற்கிறவர்களும் மாறவில்லை. இன்டெலில் இருந்த டென்னிஸ் கார்ட்டர் என்ற மார்க்கெட்டிங்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியைத் தாண்டிப் போய் நேரடியாக வாங்குபவரிடமே பேசிப் பார்ப்போம் என்றார். 1989இல் ஒரு விளம்பரம் வந்தது. 286 என்ற எண். அதன் மேல் சிவப்பு பெயின்ட்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. தன்னுடைய சொந்தப் பொருளின் மீதே ஒரு கம்பெனி பெயின்ட் அடித்துக் காட்டியது! உள்ளே இருந்தவர்களுக்கே அது கொஞ்சம் உறுத்தியிருக்கும். ஆனால் 386க்கு மாற வேண்டும் என்ற செய்தி மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம்தான் சிக்கல். 386 என்ற எண் பிரபலமானதும், சிப் செய்யும் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் அதே எண்ணை வைத்துத் தன் சிப்பை விற்கத் தயாரானது. இன்டெல் நீதிமன்றம் போனது. 386 என்ற எண்ணை ஒருவர் மட்டும் வணிகக் குறியாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1991இல் தீர்ப்பு வந்தது. பல வருடமாகக் காசு போட்டு வளர்த்த பெயர் ஊர்ப் பொதுக் கிணறாகிவிட்டது. அதனால்தான் 586 என்று வந்திருக்க வேண்டிய சிப் 1993இல் பென்டியம் என்ற பெயரில் வந்தது. 'பென்ட்டே' என்றால் கிரேக்க மொழியில் ஐந்து.

உங்களுக்கு இதிலிருந்து: பெயர் வைக்கும் அன்றே அது உங்களுக்குச் சொந்தமாகுமா என்று பாருங்கள். இந்திய அரசின் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அங்கே பொருள்களையும் சேவைகளையும் எண் போட்டு வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; மென்பொருளுக்குப் பெரும்பாலும் 9ஆம் வகுப்பும் 42ஆம் வகுப்பும் பொருந்தும், இரண்டிலும் தேடுங்கள். எழுத்து மாற்றியும் தேடுங்கள், உச்சரிப்பு ஒன்றாக இருந்தாலே எதிர்ப்பு வரலாம். "சம்பளக் கணக்கு", "ஈஸி பில்லிங்" மாதிரி பொருளையே விவரிக்கிற பெயரைப் பதிவு செய்வதும் கடினம், காப்பாற்றுவதும் கடினம்.

அப்புறம் இன்னொன்று. போனில் சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் டைப் செய்ய வேண்டும். 'ஃப்', 'இசட்' எல்லாம் சேர்த்து நவீனமாகப் பெயர் வைத்துவிட்டு, ஒவ்வொரு அழைப்பிலும் இரண்டு நிமிடம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவனாக இருந்தேன்.

படி 4: அடுத்தவர் வாயால் சொல்ல வையுங்கள்

நம் பொருள் நல்லது என்று நாமே சொன்னால் கேட்பவர் பாதியைத்தான் நம்புவார். பக்கத்துக் கம்பெனிக்காரர் சொன்னால் முழுவதும் நம்புவார். இதை ஒரு ஏற்பாடாகவே செய்ய முடியும் என்று காட்டியது இன்டெல்.

எண் கைவிட்டுப் போன அதே 1991இல் "இன்டெல் இன்சைட்" திட்டம் தொடங்கியது. டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி, பாத்திரத்தில் ஒட்டாமல் இருக்கப் பூசும் டெஃப்லான் போன்றவற்றை கார்ட்டரின் குழு கவனித்திருந்தது. பழைய டேப் ரெக்கார்டரின் மேல் இருந்த அந்த இரட்டை 'டி' குறி ஞாபகம் இருக்கிறதா? டேப் ரெக்கார்டர் வேறொரு கம்பெனியுடையது, ஆனால் டால்பி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினோம். அதே மாதிரி கம்ப்யூட்டரில் ஒரு ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் கம்பெனி ஏன் ஒட்ட வேண்டும்? இங்கேதான் அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம். ஒரு கம்பெனி இன்டெலிடம் சிப் வாங்கும் தொகையில் ஒரு சிறு பங்கை அந்தக் கம்பெனியின் பெயரிலேயே இன்டெல் ஒரு நிதியில் போட்டு வைத்தது. அந்தக் கம்பெனி தன் விளம்பரத்தில் இன்டெல் இன்சைட் குறியைப் போட்டால், விளம்பரச் செலவில் ஒரு பகுதி அந்த நிதியிலிருந்து திரும்பக் கிடைக்கும். ஆக விளம்பரம் போடுவது அவர்கள், வளர்வது இன்டெலின் பெயரும்தான், இருவருக்கும் லாபம். முதல் வருட முடிவிலேயே 300 கம்பெனிகள் சேர்ந்தன. 1991 கடைசியில் ஐரோப்பாவில் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் 24 சதவீதம் பேருக்குத்தான் அந்தக் குறி தெரிந்திருந்தது. அடுத்த ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஆனது. இது இன்டெலே எடுத்த கணக்கு.

ஏன் பலித்தது? அன்றைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்க வந்தவருக்குத் தலை சுற்றியது. பெயர் தெரியாத பத்துக் கம்பெனிகள், ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள், ஒரு வருடச் சம்பளத்தை விழுங்கும் விலை. "தப்பானதை வாங்கிவிடுவேனோ" என்ற பயத்துக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் பதில் சொன்னது. சிப்பின் வேகம், டிரான்சிஸ்டர் எண்ணிக்கை எதுவும் அதில் இல்லை. 1994இல் வால்ட்டர் வெர்சோவா அமைத்த அந்த டங், டங் டங் டங் டங் என்ற ஒலியும் சேர்ந்துகொண்டது.

உங்களிடம் இன்டெலின் காசு இல்லை. காசில்லாமல் இதைச் செய்தவர்களும் உண்டு. 1996 ஜூலையில் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கியபோது, அதிலிருந்து போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் "உங்களுக்கும் இலவச மின்னஞ்சல் வேண்டுமா" என்ற பொருளில் ஒரு வரி போனது. மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் கடிதத்தின் அடியில் விளம்பரம்! அதைவிட நம்பிக்கையான இடம் எங்கே கிடைக்கும்? சுமார் ஒன்றரை வருடத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 1997 கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது.

நாங்கள் செய்தது இதன் திருப்பூர் வடிவம். எங்கள் மென்பொருள் ஒவ்வொரு டெய்லருக்கும் சம்பளச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கும்: ஓவர்லாக் தையல் இத்தனை பீஸ், பேட்லாக் தையல் இத்தனை பீஸ், ரேட், அட்வான்ஸ் பிடித்தம், கைக்கு வருவது. சீட்டின் அடியில் எங்கள் பெயரையும் போன் எண்ணையும் சின்னதாகப் போட்டோம். டெய்லர்கள் ஒரே கம்பெனியில் இருப்பதில்லை. ஆர்டர் எங்கே இருக்கிறதோ அங்கே மாறுவார்கள். புதுக் கம்பெனியில் போய் "அங்கெல்லாம் சீட்டுக் கொடுப்பாங்க, இங்க இல்லைங்களா?" என்று கேட்டார்கள். அதைக் கேட்டு எங்களைக் கூப்பிட்ட முதலாளிகள் உண்டு. ஒருவர் கோபமாகவே கூப்பிட்டார்: "யாருய்யா நீங்க, என் ஆளுங்ககிட்ட என்னத்தையோ கொடுத்து வச்சிருக்கீங்க?" அவரும் பிறகு வாங்கினார்.

உங்கள் பொருளிலிருந்து வெளியே போகும் ஏதாவது ஒன்று இருக்கும்: பில், ரசீது, வாட்ஸாப் செய்தி, அறிக்கை. அது யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். உங்கள் விளம்பரப் பலகை அதுதான். வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டுப் போடுங்கள். கேட்காமல் போட்டால் அவருடைய பில்லில் உங்கள் பெயர் எதற்கு என்று ஒரு நாள் கேட்பார்.

படி 5: கணக்குப் போடுங்கள்

கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் தொடங்கிய காலத்தில் எல்லோரையும் போல கூகுளில் விளம்பரம் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால், வருடத்துக்கு 99 டாலர் கட்டும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டாலர் வரை செலவாகிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, நண்பரைச் சேர்த்தால் உங்களுக்கும் அவருக்கும் கூடுதல் இடம் இலவசம் என்றார்கள். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பயனர் எண்ணிக்கை 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனது. கொடுத்த பரிசைக் கவனியுங்கள்: காசு கிடையாது, கூப்பன் கிடையாது. ஏற்கெனவே அவர்களிடம் இருந்த பொருளையே இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள்.

நீங்கள் போட வேண்டிய கணக்கு எளிது. ஒரு மாதத்தில் விளம்பரத்துக்கும், அலைச்சலுக்கும், டெமோ காட்டுபவரின் சம்பளத்துக்கும் ஆன மொத்தத்தை, அந்த மாதம் பணம் கட்டிய புது வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுங்கள். செலவு 60,000 ரூபாய், வந்தவர்கள் 5 பேர் என்றால் ஆளுக்கு 12,000. வருடச் சந்தா 9,000 என்றால், அவர் இரண்டாம் வருடமும் இருந்தால்தான் உங்களுக்குக் காசு. இருப்பாரா? தெரியாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, இருப்பவர்களைத் தக்கவைக்கும் வேலையைப் பாருங்கள். லைக், வியூ இவற்றையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் ரீல் ஒன்று 40,000 பேர் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பனியன் கம்பெனிக்காரர் இல்லை.

படி 6: காட்டுங்கள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெமோவில் வசதிகளை வரிசையாகக் காட்டாதீர்கள். வாங்குபவரின் போன வாரக் கணக்கை அவர் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் டெமோவின் நடுவில் ரவுட்டர் ஒயரைப் பிடுங்கிக் காட்டுவோம். அதற்கு மேல் பேச வேண்டியிருக்காது.

ஒன்றே ஒன்று: இல்லாததைக் காட்டாதீர்கள், வரப்போவதைப் பற்றியும் சீக்கிரம் வாய் திறக்காதீர்கள். 1981இல் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை விற்றுப் பேர் வாங்கிய ஆஸ்போர்ன் கம்பெனி, அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசப்போய், கையில் இருந்த மாடலின் விற்பனை படுத்துவிட்டது. 1983இல் திவாலானது என்று சொல்வார்கள். அது ஒன்றே காரணம் இல்லை, போட்டியும் கடன் பளுவும் இருந்தன என்று பிறகு எழுதியவர்கள் உண்டு. இருந்தாலும் "அடுத்த மாசம் புது வெர்ஷன் வருதுங்க" என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவர் "அப்ப அடுத்த மாசமே வாங்கிக்கறேனுங்க" என்பார். இதற்கு எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை.

படி 7: தப்பு வரும் நாளுக்குத் தயாராக இருங்கள்

பெயர் வளர வளர, தப்பின் சத்தமும் வளரும். மறுபடி இன்டெல்தான் இதற்கு உதாரணம்.

1994இல் வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, தன் பென்டியம் கம்ப்யூட்டரில் சில வகுத்தல்கள் தப்பாக வருவதைக் கண்டுபிடித்தார். விஷயம் இணையத்தில் பரவியது. சாதாரணப் பயனருக்கு இந்தத் தப்பு 27,000 வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்றது இன்டெல். பொறியியல் கணக்காக அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். சிப்பை மாற்றித் தர வேண்டுமானால், உங்களுக்கு உண்மையிலேயே அது தேவை என்று விளக்குங்கள் என்றும் கேட்டது. ஜனங்களுக்கு வந்ததே கோபம்! டிசம்பரில் ஐபிஎம் அந்தச் சிப் வைத்த கம்ப்யூட்டர்களை அனுப்புவதையே நிறுத்தியது. டிசம்பர் 20ஆம் தேதி, யார் கேட்டாலும் காரணம் கேட்காமல் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே தப்பு நடந்திருந்தால், கம்ப்யூட்டர் கம்பெனிகளோடு பேசித் தீர்த்திருப்பார்கள், வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தே இருக்காது. ஸ்டிக்கர் ஒட்டி "உள்ளே நாங்கள் இருக்கிறோம், பயப்படாதீர்கள்" என்று வீட்டுக்குள் போய்ச் சொன்னவர்கள் அவர்கள்தான். அதனால் வீட்டுக்காரர் நேராக அவர்களிடமே வந்து கேட்டார். அதற்குப் பிறகும் பென்டியம் நன்றாகவே விற்றது, ஸ்டிக்கரும் இருந்தது. மாற்றிக் கொடுத்ததால்தான் என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்கும் இது நடக்கும். அதனால் விற்கத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: தப்பு வந்தால் யார் போன் எடுப்பது, எவ்வளவு நேரத்துக்குள் திருப்பிக் கூப்பிடுவது, எந்தத் தப்புக்குப் பணம் திருப்பித் தருவது, அதை முடிவு செய்ய யாருக்கு அதிகாரம். "இது ரொம்ப அபூர்வமாக வரும் பிரச்சினைங்க" என்ற வாக்கியத்தை உங்கள் ஆட்கள் யாரும் சொல்லக் கூடாது என்றும் எழுதி வையுங்கள்.

எங்களுக்கு அது இரண்டாம் வருடம் நடந்தது. அதே நெட்டு போச்சுன்னா முதலாளியின் கம்பெனி. வாரத்தின் நடுவில், புதன்கிழமை, பேட்லாக் ரேட்டை ஏற்றியிருந்தார்கள். எங்கள் மென்பொருள் வியாழன், வெள்ளி, சனிக்கும் பழைய ரேட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டது. சீட்டைப் பார்த்து முதலில் கண்டுபிடித்தது ஒரு டெய்லர் அக்கா. வாசலில் வைத்தே விரல் விட்டு எண்ணி, "எனக்கு 214 ரூபா குறையுதுங்க" என்றார். மொத்தம் 31 பேருக்குக் குறைந்திருந்தது.

முதலாளி இரவு 8 மணிக்குக் கூப்பிட்டார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன். இரவோடு இரவாக 31 பேருக்கும் கணக்கை மறுபடி போட்டோம். அன்றைக்கு அந்த அக்கா சொன்ன 214 ரூபாய் பைசா சுத்தமாகச் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வித்தியாசத் தொகையை முதலாளி கொடுத்தார். புதுச் சீட்டை நாங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, தப்பு மென்பொருளுடையது, கம்பெனியுடையது இல்லை என்று சொன்னோம். அதே மென்பொருள் வைத்திருந்த மற்ற எல்லாக் கம்பெனிகளுக்கும், அவர்கள் கேட்காமலேயே, போன் போட்டு விஷயத்தைச் சொல்லிச் சரிசெய்து கொடுத்தோம். அவர்களில் இரண்டு பேர் அதோடு விட்டுவிட்டுப் போனார்கள்.

இவர் போகவில்லை. அடுத்த வருடச் சந்தா கட்டும்போது, "அன்னைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் போச்சுங்களே" என்று சொல்லி 2,000 ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைத்துக்கொண்டோம்.